ஓட்டுநர் அமரும் இருக்கை: நம் பேரேட்டில் ஏறாத ஒரு கணக்கு



நம் இதழில் வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்புச் சட்டம் என்று பல விஷயங்களைப் பற்றி அறிந்தவர்கள் எழுதி வருகிறார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் நாங்கள் இங்கே எழுத வந்திருப்பது மிகச் சிறிய விஷயம். நம் சரக்கை ஏற்றி வரும் வண்டியில் ஓட்டுநர் அமர்கிறாரே, அந்த இருக்கையைப் பற்றியது இது. "இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

எங்கள் கடையில் ஓர் ஓட்டுநர் 17 ஆண்டுகள் வேலை பார்த்தார். விருதுநகரிலிருந்து பருப்பும் வத்தலும், தூத்துக்குடியிலிருந்து உப்பும் அவர் ஓட்டி வந்த வண்டியில்தான் வந்தன. புளியரை வழியாக மலை ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரை நம் சரக்கைக் கொண்டு சேர்த்தவரும் அவரே. கணக்கில் ஒரு ரூபாய் பிசகியதில்லை. அவர் ஒரு நாள், "அண்ணாச்சி, சீட்டு பள்ளமாப் போச்சு. எறங்கும்போது இடுப்பு பிடிச்சுக்கிடுது. கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க" என்றார். "அடுத்த எஃப்.சி. வரும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் தம்பி" என்று சொன்னோம். எஃப்.சி. வந்தது. பெயிண்ட் அடித்தோம், தார்ப்பாய் புதிதாக வாங்கினோம், முன்னால் கடை பெயரைப் பெரிதாக எழுதினோம். சீட்டு மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த எஃப்.சி.யும் வந்து போனது.

பிறகு அவருக்கு இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது. கிளட்சை மிதித்தால் மிதித்தது தெரியவில்லை என்றார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, இடுப்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். கடைக்கு வந்து சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, "ஓட்ட ஆசைதான் அண்ணாச்சி. இடுப்பு விட மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அவருக்கு வயது 46. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பையன் படித்துக்கொண்டிருந்தான்.

அவருடைய வலிக்குச் சீட்டு ஒன்றுதான் காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மூட்டை தூக்கியதும் காரணமாக இருக்கலாம், வயதும் காரணமாக இருக்கலாம். ஆனால் அவர் வாய் திறந்து கேட்ட ஒரு சிறு காரியத்தை நாங்கள் செய்யவில்லை என்பது உண்மை. அதன் பிறகுதான் இது பற்றிக் குஷன் வேலை செய்பவர்கள், பட்டறைக்காரர்கள், பழைய ஓட்டுநர்கள், மருத்துவர் என்று பலரிடமும் கேட்டறிந்தோம். தெரிந்துகொண்டதை நம் சங்க உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறோம். நம்மில் பலர் இன்று சிறிய சரக்கு வண்டியைத் தாங்களே ஓட்டுகிறார்கள் என்பதால் இது பிறருக்காக மட்டும் சொல்வதும் அல்ல.

வலி எங்கிருந்து வருகிறது?

நம் முதுகெலும்பில் எலும்புக்கும் எலும்புக்கும் இடையே மெத்தை போன்ற வட்டுகள் 23 இருக்கின்றன. பெரியவர்களுக்கு இந்த வட்டுக்குள் நேரடியாக இரத்த ஓட்டம் கிடையாது. நடக்கும்போதும் புரண்டு படுக்கும்போதும் அழுத்தம் கூடிக் குறைவதால்தான் அதற்கு வேண்டிய சத்து ஊறிச் சேருகிறது. ஒரே நிலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் அந்த ஊறல் குறைந்துவிடும்.

1960-களில் சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் நாக்கெம்சன் என்பவர் உயிரோடு இருப்பவர்களின் இடுப்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி, எந்த நிலையில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று அளந்து பார்த்தார். உட்கார்ந்தபடி முன்னால் குனியும்போது அழுத்தம் ஏறுகிறது. முதுகைப் பின்னால் சாய்த்து, இடுப்புக்கு ஒரு தாங்கல் கொடுத்தால் இறங்குகிறது. சீட்டைத் திருத்துவதன் அடிப்படையே இதுதான்.

இரண்டாவது காரணம் குலுங்கல். எந்தப் பொருளுக்கும் அதற்கென்று ஓர் ஆட்டம் உண்டு. ஊஞ்சலை அதன் போக்கில் தள்ளினால் சிறிய தள்ளலுக்கே பெரிதாக ஆடுகிறது அல்லவா? உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு வினாடிக்கு 4 முதல் 8 தடவை மேலும் கீழும் ஆடும் அதிர்வுக்கு இப்படித்தான் எளிதில் இசைந்து ஆடுகிறது. சரக்கு வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கும் குலுங்கலில் பெரும் பகுதி ஏறக்குறைய இதே வேகத்தில் வருவதுதான் தொல்லை. உடல் முழுவதும் படும் அதிர்வை அளப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 2631 என்ற உலகத் தர அளவு இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 2002-இல் ஒரு விதி செய்தன. 8 மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட அதிர்வு வினாடி வர்க்கத்துக்கு 0.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15 மீட்டரைத் தாண்டவே கூடாது என்பது அந்த விதி. அங்கே ஓட்டுநரின் இடுப்பு முதலாளியின் பொறுப்பாகச் சட்டத்தில் ஏறிவிட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் வண்டியும் நம் சாலையும்

நம் நாட்டில் வெகுகாலம் லாரி என்பது என்ஜினும் சேசிஸுமாகத்தான் கம்பெனியிலிருந்து வந்தது. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி போன்ற ஊர்களின் பாடி கட்டும் பட்டறைகளில் மரத்திலும் தகட்டிலும் கேபின் கட்டினார்கள். ஓட்டுநர் இருக்கையும் அங்கேயே செய்தார்கள். அடியில் பலகை, மேலே தேங்காய் நார் அல்லது பஞ்சு, அதன் மேல் ரெக்சின், அவ்வளவுதான். முன்னும் பின்னும் நகராது, சாயாது. பழைய ஓட்டுநர்கள் சாக்கை நான்காக மடித்துப் போட்டு, மேலே துண்டை விரித்து உட்கார்ந்து ஓட்டினார்கள்.

இப்போது கம்பெனியே கட்டித் தரும் கேபின்கள் வந்துவிட்டன. பெரிய லாரிகளில் காற்றுப் பையின் மேல் மிதக்கும் இருக்கைகளும் வருகின்றன. 2025 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் நம்மிடம் ஓடுவன பெரும்பாலும் பழைய லாரிகளும் சிறிய சரக்கு வண்டிகளும்தான். 2005-இல் டாடா ஏஸ் வந்து, மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்த பிறகு, பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையானாலும் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையானாலும் இந்த வகை வண்டி இல்லாமல் வியாபாரம் இல்லை என்றாகிவிட்டது. இவற்றில் கேபின் சிறியது. சாய்மானம் பின்சுவரை ஒட்டியே நிற்பதால் அதிகம் சாய்க்க முடியாது. சிலவற்றில் என்ஜினே இருக்கைக்கு அடியில் இருப்பதால் சூடும் மேலே ஏறும்.

சாலையைப் பற்றி நம் பகுதியினருக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருமங்கலம் – கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744-இல் புளியரை தாண்டியதும் எஸ் வளைவு ஆரம்பமாகிறது. சமதளத்தில் குலுங்கல் மேலும் கீழுமாக வரும். மலையில் அதோடு பக்கவாட்டு ஆட்டமும் சேரும். சீட்டு வழுவழுப்பாக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் உடம்பு வழுக்கும். வழுக்காமல் இருக்க ஓட்டுநர் இடது காலைத் தரையில் ஊன்றி, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொள்கிறார். அந்த இறுக்கம்தான் இரவில் தோளிலும் இடுப்பிலும் வலியாக வருகிறது.

முதலில் சீட்டுக்குக் கீழே பாருங்கள்

சீட்டு வலிக்கிறது என்றதும் நேரே குஷன் கடைக்குப் போவது தவறு. குலுங்கல் டயரில் ஆரம்பித்து மேலே வருகிறது. எனவே கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

1. டயர் காற்று: கூடுதல் லோடு தாங்கும் என்று கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் காற்று அடிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. கல் போன்ற டயர் ஒவ்வொரு சிறு பள்ளத்தையும் முதுகுக்கு அனுப்பும். கதவோரத்திலோ கையேட்டிலோ எழுதியுள்ள அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஸ்பிரிங் பட்டை: லோடு அதிகம் ஏற்றக் கூடுதல் பட்டை போடுகிறோம். லோடோடு போகும்போது தெரியாது. இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது கட்டை வண்டி போல எகிறும். எங்கள் வண்டியிலும் இரண்டு பட்டை கூடுதலாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டோம்.

3. பட்டை புஷ், ஷாக் அப்சர்வர்: புஷ் தேய்ந்தால் சத்தம் வரும், ஷாக் அப்சர்வர் எண்ணெய் கசிந்தால் ஒரு பள்ளத்துக்கு மூன்று முறை ஆடும். இரண்டையும் பட்டறையில் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

4. கேபின் ரப்பர்: கேபின் சேசிஸ் மேல் ரப்பர் கட்டைகளில் உட்கார்ந்திருக்கிறது. அது நசுங்கிப் போனால் இரும்பும் இரும்பும் இடிக்கும். விலை குறைவு, பலன் அதிகம்.

5. சீட்டுச் சட்டம்: அடிச் சட்டத்தில் வெல்டிங் விட்டிருக்கிறதா, போல்ட் தளர்ந்திருக்கிறதா, நகர்த்தும் தண்டவாளம் ஆடுகிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். ஆடும் சட்டத்தின் மேல் எவ்வளவு நல்ல பஞ்சு போட்டாலும் வீண்.

மெத்தென்று இருந்தால் போதுமா?

குஷன் வேலையில் நாம் செய்யும் பெரிய தவறு, கடையில் அமுக்கிப் பார்த்து மெத்தென்று இருப்பதை வாங்குவது. துணி வாங்குவது போலப் பஞ்சு வாங்கக்கூடாது. மெல்லிய பஞ்சில் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடம் சுகம். பிறகு பஞ்சு முழுவதும் நசுங்கி, உடல் எடை அடிப் பலகையில் நேராக இறங்குகிறது. இன்னொன்று, தடிமனான மெல்லிய பஞ்சு அதிர்வைக் குறைக்காது. வினாடிக்கு நான்கு முறை போன்ற ஆட்டத்தில் அதுவே ஸ்பிரிங் போல எகிறி, வந்த குலுங்கலைக் கூட்டியும் கொடுக்கும். இரண்டு தலையணையைப் போட்டு உட்கார்ந்தும் வலி அதிகமானதாக ஓட்டுநர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பஞ்சுக் கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்பார்கள். ஒரு கன மீட்டர் பஞ்சு எத்தனை கிலோ எடை என்பதுதான் அந்த எண். எண் கூடினால் சரக்கு அதிகம், சீக்கிரம் பள்ளமாகாது. ஆனால் கெட்டித்தன்மை வேறு, டென்சிட்டி வேறு என்பதை மறக்க வேண்டாம். ஒரே டென்சிட்டியில் மெல்லியதும் உண்டு, கெட்டியும் உண்டு. துண்டுப் பஞ்சை அழுத்தி ஒட்டிச் செய்யும் 'ரீபாண்ட்' என்ற கெட்டிப் பஞ்சு 80, 100 டென்சிட்டிகளில் கிடைக்கிறது. தென்னை நாரில் ரப்பர் பால் சேர்த்துச் செய்யும் நார்த் தட்டும் நல்லது. காற்றோட்டம் உண்டு, சூடு பிடிக்காது. இலவம் பஞ்சு படுக்கைக்கு ஏற்றது, வண்டிக்கு ஆகாது. ஒரு மாதத்தில் உருண்டை கட்டி ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

எங்கள் அனுபவத்தில் ஒத்து வந்த முறை இது: அடியில் 2 அங்குல நார்த் தட்டு அல்லது ரீபாண்ட், அதன் மேல் ஒன்றரை அங்குலம் 40 டென்சிட்டி பஞ்சு. அடி அடுக்கு எடையைத் தாங்கும், மேல் அடுக்கு உடம்போடு பொருந்தும். பின்பக்க நடுவில், வால் எலும்பு படும் இடத்தில் மட்டும், இரண்டு அங்குல அகலத்துக்குக் கீழ் அடுக்கை வெட்டி எடுத்துவிடச் சொன்னோம். குலுங்கும்போது அந்த எலும்பு எதிலும் மோதுவதில்லை.

பழைய சீட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும்போது அவர் தன் கையை உட்காரும் எலும்புக்கு அடியில் நுழைத்து அமுக்கிப் பார்க்கட்டும். எலும்புக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஓர் அங்குலமாவது பஞ்சு மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் பஞ்சு செத்துவிட்டது.

இன்னொன்றும் கவனியுங்கள். நம் நாட்டில் ஓட்டுநர் வலது கதவு வழியாக ஏறி இறங்குகிறார். நாளுக்கு முப்பது நாற்பது தடவை வலது ஓரத்தில் தேய்த்து உட்காருவதால் அந்த ஓரம் முதலில் நசுங்கும். பார்த்தால் தெரியாது. ஆனால் இடுப்பு வலது பக்கம் சாய்ந்தபடியே மணிக்கணக்கில் வண்டி ஓடுகிறது. தராசில் ஒரு தட்டு இறங்கினால் நமக்குக் கண் உறுத்துகிறது, இடுப்பு இறங்கினால் தெரிவதில்லை. வலது ஓரத்துக்கு மட்டும் கெட்டிப் பஞ்சில் ஒரு கரை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள்.

சாய்மானமும் அளவும்

உட்காரும் பலகையைவிடச் சாய்மானம் முக்கியம் என்று மருத்துவர் சொன்னார். பெல்ட் கட்டும் இடத்தில் முதுகு உள்வாங்கி இருக்கிறது. அந்த வளைவு நிறைய வேண்டும். ஒன்றரை அல்லது இரண்டு அங்குலத் தடிமனில், ஒரு சாண் உயரத்தில் ஒரு பட்டைத் திண்டு செய்து, சாய்மானத்தோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். அதற்கும் வசதியில்லாதவர்கள் குற்றாலத் துண்டு ஒன்றை உருட்டி, இரு முனையிலும் நாடா வைத்துச் சாய்மானத்தில் இறுகக் கட்டிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. கட்டாமல் வெறுமனே வைக்கக்கூடாது. நழுவி பிரேக் மிதிக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்ப் பாட்டிலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அளவு பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு:

1. கிளட்சை முழுவதும் மிதித்த நிலையில் முழங்கால் சற்றே மடங்கி இருக்க வேண்டும், முதுகு சாய்மானத்தை விட்டு விலகக்கூடாது. எட்டி மிதித்தால் ஒவ்வொரு கியருக்கும் இடுப்பு திருகும்.

2. சீட்டின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். விளிம்பு அழுத்தினால் கால் மரத்துப்போகும். விளிம்பை உருட்டித் தைக்கச் சொல்லுங்கள்.

3. சாய்மானம் நேர்க்கோணத்தைவிடச் சற்றுப் பின்னால், அதாவது 100 முதல் 110 பாகை வரை இருந்தால் நல்லது. 

4. புதுக் குஷன் போட்டபின் தலை கூரையில் இடிக்கிறதா, பக்கக் கண்ணாடி சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

பின்பையில் மணிபர்சும் சிட்டைக் கட்டும் வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. ஒரு பக்கம் தூக்கி, நரம்பையும் அழுத்தும். வண்டி ஏறியதும் எடுத்து முன்னால் வைக்கச் சொல்லுங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது.

வெயிலும் சாரலும்

முழு ரெக்சின் உறை கழுவ வசதிதான், ஆனால் வியர்வை போக வழியில்லை. சித்திரை வெயிலில் தூத்துக்குடி போய் வருபவருக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ஓரங்களுக்கு ரெக்சினும், உடம்பு படும் நடுப்பகுதிக்குக் கெட்டியான பருத்தித் துணியும் வைத்துத் தைப்பது நல்லது. துணியில் உடம்பு வழுக்காது என்பதால் மலைப்பாதைக்கும் ஏற்றது. மரமணி விரிப்பு காற்றோட்டம் தரும். ஆனால் எலும்பு மேல் மணி அழுத்தினால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஓட்டுபவரைக் கேட்டு வாங்குங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை, சாரல். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரல் கதவு இடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். நனைந்த பஞ்சு பூஞ்சை பிடித்து நாறும். மூடிய கேபினில் அந்த வாடையை நாள் முழுதும் சுவாசித்தால் இருமல் வரும். கதவு ரப்பரை மாற்றுங்கள். உறையை ஜிப் வைத்துக் கழற்றும்படி தைக்கச் சொல்லுங்கள். வெயில் அடிக்கிற நாளில் பஞ்சை எடுத்துக் காயப் போடலாம்.

என்ஜின் இருக்கைக்குக் கீழே உள்ள வண்டிகளில், கம்பெனி வைத்த வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டறையில் கழற்றினால் சில சமயம் திரும்ப மாட்டுவதில்லை. எண்ணெய் ஊறிய பஞ்சு தீப்பிடிக்கும் பொருள் என்பதால் அப்படிப்பட்ட குஷனை உடனே மாற்றிவிட வேண்டும்.

செய்யக்கூடாதது ஒன்று. சீட்டை வேறு இடத்தில் துளையிட்டு மாட்டுவது, சீட் பெல்ட் கொக்கியை வெட்டுவது, வேறு வண்டியின் சீட்டை வெல்டிங் வைத்துப் பொருத்துவது ஆகியவை கூடவே கூடாது. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் தொல்லையும் வரும். குஷனும் உறையும் மாற்றுவதோடு நில்லுங்கள்.

இருக்கையை விட்டு இறங்குவதும் மருந்துதான்

எவ்வளவு நல்ல சீட்டானாலும் இறங்கி நடப்பதற்கு ஈடாகாது. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் நடுவே அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஐரோப்பாவில் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். நாங்கள் இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் இறங்கி நடக்கும்படி சொல்லியிருக்கிறோம். டீ குடிக்கவாவது இறங்கட்டும்.

மிக முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நீண்ட நேரம் குலுங்கி வந்தவர் இறங்கிய கையோடு மூட்டை தூக்கக்கூடாது. முதுகுத் தசை அப்போது களைத்திருக்கும், வட்டும் எளிதில் பிதுங்கும் நிலையில் இருக்கும். சொந்த வண்டி வைத்திருக்கும் சிறு கடைக்காரர்கள் செய்வது என்ன? சந்தையிலிருந்து ஓட்டி வந்து, குதித்து இறங்கி, பின்கதவைத் திறந்து 50 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றுகிறார்கள். பத்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்து, பிறகு தொட்டால் போதும். குதித்து இறங்குவதையும் விட வேண்டும். கைப்பிடியைப் பிடித்துப் படியில் கால் வைத்து இறங்குவதே முறை.

சொந்த வண்டி இல்லாதவர்கள் என்ன செய்யலாம்?

"நாங்கள் வாடகை லாரியில் சரக்கு எடுப்பவர்கள், எங்களுக்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சென்னையிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ இரவெல்லாம் ஓட்டி வந்தவரை, லோடுமேன் வரவில்லை, இடம் ஒழியவில்லை என்று கேபினிலேயே மதியம் வரை உட்கார வைப்பது நாம்தான். அவர் கால் நீட்டிப் படுக்க ஒரு கோரைப் பாயும் மின்விசிறியும் கிடங்கு ஓரத்தில் இருந்தால் போதும். குளிக்கத் தண்ணீரும் கழிப்பறையும் காட்டிவிட்டால் அவர் அடுத்த லோடுக்கும் நம் கடையைத் தேடி வருவார். இறக்கும் நேரத்தை முன்கூட்டியே போனில் சொல்லி வைத்தால் இருவருக்கும் நல்லது.

கணக்கைப் பார்ப்போம்

வியாபாரிக்குக் கணக்கில் சொன்னால்தான் மனசில் ஏறும். எங்கள் வண்டிக்கு ஆன செலவு: பஞ்சும் நார்த் தட்டும் 1,900 ரூபாய், துணியும் ரெக்சினும் 1,100, தையற்கூலி 1,200, ஆக 4,200 ரூபாய். சீட்டுக்குக் கீழே புஷ், ஷாக் அப்சர்வர், கேபின் ரப்பர் வகையில் 5,600. மொத்தம் 9,800 ரூபாய்.

பழைய ஓட்டுநர் நின்றுபோன பிறகு ஓராண்டில் மூன்று பேர் மாறினார்கள். பழக்கமில்லாத ஒருவர் மலை ஏற்றத்தில் கிளட்சை எரித்ததற்கு 11,000. ஓட்டுநர் இல்லாத நாட்களில் வெளி வண்டி வாடகை 14,000. இந்த இரண்டு மட்டுமே 25,000 ரூபாய். சரக்கு தாமதமாகப் போனதால் புனலூரில் கைவிட்டுப்போன இரண்டு வாடிக்கைக் கடைகளை இதில் சேர்க்கவில்லை. ஒரு மனிதரின் 46 வயது இடுப்பை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

சீட்டைத் தைத்த அன்று பழைய ஓட்டுநரைக் கூப்பிட்டனுப்பினோம். எது எங்கே அமுக்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும். மெதுவாக ஏறி உட்கார்ந்து, கிளட்சை ஒரு முறை மிதித்துப் பார்த்தார். "முன்விளிம்ப இன்னும் அரை இஞ்சி எறக்கணும் அண்ணாச்சி" என்றார். இறக்கினோம். இப்போது ஓட்டும் தம்பி இரண்டு ஆண்டுகளாக நம்மோடு இருக்கிறார். பழையவர் இன்று எங்கள் கிடங்கில் சரக்கு வரவைச் சரிபார்த்து எழுதுகிறார். அவருக்கென்று உயரமான நாற்காலி ஒன்று போட்டிருக்கிறோம். காலம் கடந்து செய்ததுதான்.

வணிகப் பெருமக்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் நீங்களே ஏறி உட்கார்ந்து, ஆலங்குளம் வரையாவது ஓட்டிப் பாருங்கள். ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாவது போய் வாருங்கள். அதன் பிறகு ஓட்டுநரைக் கூப்பிட்டு, "தம்பி, எங்கே வலிக்கிறது?" என்று கேளுங்கள். மற்றதை அவரே சொல்லுவார்.